நாலாவது கயிறு

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் தேநீர் எப்போதும் ஆறிப்போய்த்தான் வரும். அதைக் குடித்துக்கொண்டுதான் கைல்ஸ் பம்ஃப்ரி மணிச்சத்தம் பற்றி முணுமுணுத்தார். லண்டனிலிருந்து வந்து பழைய போதகர் வீட்டை வாங்கியவர் அவர்.

போதகர் ஹாரியட் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சபைக் கூட்டத்துல புகார் குடுக்கப் போறாராம், வில்ஃப். மணிக்கோபுரத்தை ஒரு தடவை சுத்திக் காட்டுங்களேன். மனசு மாறினாலும் மாறும்."

அறுநூறு வருடக் கோபுரத்தைக் காப்பாற்றும் பொறுப்பு, முப்பது வருடம் மணியடித்தும் தாளம் பிடிபடாதவன் தலையில் விழுந்தது. கடவுளுக்கும் ஆள் பஞ்சம் போலிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், ஐயா, ஞாயிறு காலை ஆறு கயிறு இழுக்கும் ஆறு பேரில் ஒருவனாக அங்கே நிற்பதைத் தவிர எனக்கு வேறு வாழ்க்கை இல்லை.

அவர் வருமுன் என் மணியை ஆட்டி ஆட்டி, வாய் மேலே பார்க்க நிறுத்திவைத்தேன். அடிக்குமுன் அப்படித்தான் நிறுத்துவோம். அந்த நிலையில் கயிற்றை இழுத்தால் அரை டன் வெண்கலம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும், கயிறு கூரைக்குப் பாயும். அதனால் புதியவருக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடமே, கயிறு பிய்த்துக்கொண்டு போனால் கையை விட்டுவிடு என்பதுதான். 'கயிற்றைத் தொடாதே' என்று எச்சரிக்கைப் பலகை ஒன்றும் அங்கே தொங்கும். அது அழுக்காக இருந்தது, துடைக்கலாமென்று கழற்றிவைத்தேன். சுத்தத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

சும்மா பயம் காட்டத்தான் நினைத்தேன். உள்ளங்கை சிராய்த்தால் புகாரை விழுங்கிவிடுவார் என்று கணக்கு.

கைல்ஸ் எனக்கு ஒரு புட்டி பிளம் ஜாம் கொண்டுவந்தார். ஆசையாகக் கயிற்றைப் பிடித்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க, வில்ஃப். மணிச்சத்தம்னா எனக்கு உசிரு. அதுக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன். அந்த நாலாவது மணிதான் எப்பவும் நொண்டிக்கிட்டே பின்னால வருது. அந்த ஆளை மட்டும் மாத்தச் சொல்லப் போறேன். யாருங்க அது?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். "இப்போ நல்லா இழுங்க. என்ன ஆனாலும் கையை விட்டுடாதீங்க."

சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். கூரைவரை விடவேயில்லை. கீழே கல் தரை.

கோபுரத்துக்காகத்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அவருடைய அடக்கத்துக்கும் நாங்கள்தான் மணியடித்தோம். நாலாவது கயிற்றில் வழக்கம்போல நான். அன்றைக்கு ஒரு அடிகூடப் பிந்தவில்லை, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.