பீட்ரூட் சிவப்பு

மனைவி: ...வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த ஜாடியையெல்லாம் தூக்கி எறியப் போறேன்.

கணவன்: ஜாடி என்ன பாவம் பண்ணுச்சு?

மனைவி: ஜாடி பண்ணல. நான் பண்ணேன்.

கணவன்: ஆரம்பிச்சுட்டியா... தலைகாணியைக் கொஞ்சம் மேல தள்ளு. கழுத்து வலிக்குது.

மனைவி: இப்ப சரியா?

கணவன்: ம்... நல்லாத்தான் சாயுது இந்தக் கட்டில். நம்ம சலூன் கடைக்கு ஒண்ணு வாங்கிப் போட்டா, ஷேவிங்குக்கு வர்றவன் அப்படியே தூங்கிடுவான்.

மனைவி: விளையாடாதீங்க. டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? குடல்ல கட்டி. ரொம்ப நாளா ரத்தம் கசிஞ்சிருக்கு. 'இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க'ன்னு என்னைப் பார்த்துத்தானே கேட்டாரு?

கணவன்: அவரு கண்ணாடியே கோணல். யாரைப் பார்த்தாரோ.

மனைவி: வயிறு சரியில்லைன்னு நீங்க சொன்னப்பவே இங்க கூட்டிட்டு வந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? பீட்ரூட்டை நறுக்கி ஜாடியில உப்புத் தண்ணியில போட்டு, புளிக்க வச்சு, அந்தத் தண்ணியைப் பாட்டில்ல ஊத்திக் கடைக்குக் குடுத்தனுப்பினேன். ஞாயித்துக்கிழமையானா குடல் சுத்தமாகும்னு நிலாவரைக் கஷாயம் வேற. பெரிய வைத்தியச்சி.

கணவன்: மாடி வீட்டு அக்காவுக்கு நல்லா வேலை செஞ்சுச்சே உன் தண்ணி. அந்தம்மா ஏப்பம் நின்னதும் தெருவே நிம்மதியாச்சு.

மனைவி: அவங்களுக்கு வெறும் வாயு. உங்களுக்கு...

கணவன்: அழாத. பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறாரு.

மனைவி: பார்க்கட்டும்.

நர்ஸ்: அடுத்து இவரைத்தான் ஆபரேஷனுக்குக் கூப்பிடுவாங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்கம்மா.

மனைவி: இல்ல சிஸ்டர். இனிமே இவருக்கு நான் எதையுமே ஊத்திக் குடுக்க மாட்டேன்.

கணவன்: பாவம், அந்தப் பொண்ணு ஒண்ணும் புரியாமப் போகுது.

மனைவி: அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாம இருந்திருக்கலாம்.

கணவன்: எந்த வார்த்தை?

மனைவி: 'வெளிக்குச் சிவப்பா போனா பயந்துடாதீங்க, அது பீட்ரூட் நிறம்.' கேட்டு வர்ற எல்லாருக்கும் சொல்றதுதான். உங்களுக்கும் சொன்னேன். பீட்ரூட்னே இருந்துட்டோம்... இன்னும் முன்னாடி வந்திருந்தா கவலையே இல்லைங்கிறாரு டாக்டர். இப்ப திறந்து பார்த்தாத்தான் தெரியுமாம்.

கணவன்: அது உன் தப்பு இல்ல.

மனைவி: வேற யார் தப்பு?

கணவன்: இங்க பாரு... கொஞ்சம் கிட்ட வா. உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லிடணும்.

மனைவி: எதுவும் சொல்ல வேண்டாம். வெளிய வந்து சொல்லுங்க.

கணவன்: வந்தா சொல்லலாம்...

மனைவி: வாயைக் கழுவுங்க.

கணவன்: நான் அந்தத் தண்ணியைக் குடிக்கல.

மனைவி: போர்வையை இழுத்துப் போத்திக்கோங்க.

கணவன்: முதல்ல கொஞ்ச நாள் குடிச்சேன். சத்தியமா. அப்புறம் அந்தப் புளிப்பு நெஞ்சுக்குள்ள இறங்கல. நீ ஆசையாக் கையில குடுக்கிறப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரல. கடையில கொண்டுபோய்க் கொட்டிட்டு, பாட்டிலை அலசி எடுத்துட்டு வருவேன்.

மனைவி: சொல்லுங்க.

கணவன்: குடிக்கறதை விட்டப்புறந்தான் சிவப்பாப் போக ஆரம்பிச்சுது. அது பீட்ரூட் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பயம்... வேற என்ன. நீ சொன்ன வார்த்தை எனக்கு வசதியா இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன். இப்ப நீ உக்காந்து உன்னையே கரிச்சுக் கொட்டுற, என்னால பார்க்க முடியல... ஏதாவது பேசு. நல்லா நாலு வார்த்தை திட்டு.

மனைவி: எந்த வாயால திட்டுறது?

கணவன்: என்ன சொல்ற?

மனைவி: மழை பிடிச்ச அன்னைக்குக் குடை எடுத்துக்கிட்டு கடைக்கு வந்தேங்க. நீங்க தலை கழுவுற தொட்டியில பாட்டிலைக் கவுத்துக்கிட்டு இருந்தீங்க. வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள், 'உன் பீட்ரூட்டால சிவப்பாப் போகுது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களே... அப்பவே எனக்குத் தெரியும், அது பீட்ரூட் இல்லைன்னு. நீங்கதான் குடிக்கறதே இல்லையேன்னு கேட்டா, அது ரத்தந்தான்னு நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்களோன்னு பயம். 'ஆமா, பீட்ரூட்தான்'னு நானும் சிரிச்சேன். மறுநாளும் பாட்டிலை நிறைச்சு உங்க கையில குடுத்தேன்.