சாவியை மறந்த கார்

— பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சிக்னலும் போகுது, இதோ, மிஷின்ல லைட் எரியுது பாருங்க. சாவி மேல தப்பே இல்ல.

— அப்போ கார் ஏண்ணே திறக்க மாட்டேங்குது?

— முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. இந்த வில்லா கொன்சுவேலோ ஏரியாவுல ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சாவியை மட்டும் தூக்கிட்டு வர்றாங்க. காரைக் காணோம்.

— ஹெரிபெர்தோ. ஷேர் டாக்ஸி ஓட்டுறேன்... ஓட்டினேன். நீங்கதானே சாவிக்கடை டெல்ஃபின்? சாந்தோ தொமிங்கோவுலயே உங்களை மிஞ்ச ஆளில்லன்னாங்க.

— ஐஸ் வைக்காதீங்க. கார் எங்கே?

— பக்கத்துலதான்...

— பக்கத்துலன்னா ஓட்டிட்டு வர வேண்டியதுதானே?

— திறந்தாத்தானே ஓட்ட!

— ம்ம்... சரி, கேளுங்க. பட்டனை அமுக்கினா சாவி காருக்கு ஒரு நம்பர் அனுப்பும். அடுத்த தடவை வேற நம்பர். திருடன் ஒட்டுக்கேட்டாலும் பழைய நம்பர் செல்லாது. அடுத்து என்ன வரும்னு காருக்கும் தெரியும். ரெண்டும் சேர்ந்தே எண்ணிட்டுப் போகும்.

— சேர்ந்து எண்ணலன்னா?

— கார் இல்லாத இடத்துல அமுக்கிட்டே இருந்தா, சாவி மட்டும் முன்னாடி ஓடிடும். கொஞ்சம்னா கார் பொறுத்துக்கும். ரொம்ப ஓடினா 'நீ யாருடா'ன்னுடும். நீங்க எத்தனை தடவை அமுக்கினீங்க?

— ஆயிரம்... ஆயிரத்துக்கு மேலயே இருக்கும்.

— ஆயிரமா! என்ன மனுஷன்யா நீ? விளையாட்டுச் சாமானா அது?

— ஏப்ரல்ல கார் திருடு போச்சுண்ணே. எந்தச் சாம்பல் கலர் கார் நின்னாலும் கிட்டப் போய் அமுக்குவேன். துவார்த்தே ரோடு முழுக்க நடந்தே... ஒண்ணாச்சும் 'பீப்'புன்னு கத்தாதான்னு. அது போனதிலேருந்து வீட்டுல மூணு வேளையும் வெறும் வாழைக்காய் மசியல்தான்.

— அடப் பாவமே... இப்போ கிடைச்சிடுச்சா?

— கிடைச்ச மாதிரிதான். நம்பர் பிளேட் வேற. நேத்து அமுக்கிப் பாத்தேன், கத்தல. ஒருவேளை என்னுது இல்லையோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லண்ணே.

— இவ்வளவு அமுக்கினா எப்படிக் கத்தும்? இல்லாட்டி... அழிச்சிருப்பாங்க.

— எதை?

— பழைய சாவியோட ஞாபகத்தை. பழைய கார் வாங்கினா முதல் வேலையே அதுதான். புதுச் சாவியைச் சேத்துட்டு, பழசை மறக்கடிக்கணும். ஜூன்ல என் காருக்கே பண்ணினேனே, பத்தே நிமிஷம்!

— அப்போ சாவிக்குக் கத்தலன்னாலும்... அது என் காராவே இருக்கலாம்?

— தாராளமா! டெல்ஃபின் சொல்றேன்ல.

— அது போதும்ணே. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— இருங்க, இருங்க... என்ன போதும்?

— உங்க காரை யார்கிட்ட வாங்கினீங்க?

— அது... அது எதுக்கு உங்களுக்கு? தெரிஞ்ச பையன் ஒருத்தன். பேப்பர் அப்புறம் தர்றேன்னான்... பேச்சை மாத்தாதீங்க! கார் எங்கேன்னு சொல்றீங்களா, போலீஸைக் கூப்பிடட்டுமா?

— கூப்பிடுங்க. நேத்து சாயங்காலம் உங்க சம்சாரம் உங்க வாசல்ல நிக்கிற சாம்பல் கார்லேருந்து மளிகைப் பையை எடுத்துட்டு, பின்னாடி இடது கதவை இடுப்பால தூக்கிக் கொடுத்துச் சாத்தினாங்க. 'ஓங்கிச் சாத்தாதீங்க, தூக்கிச் சாத்துங்க'ன்னு அந்தக் கதவுக்காகப் பதினோரு வருஷமா ஏறி இறங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் கத்தினவன் நான்.