இரண்டாவது அடி

– எழுதின வரைக்கும் வாசி, சம்ரீன்.

– இப்பத்தானே மாமா ஆரம்பிச்சோம். "மேலாளர் அவர்களுக்கு. நான் தங்கள் கம்பெனியில் துப்பாக்கிக் குழல்களில் எழுத்தும் எண்ணும் அடித்து ஓய்வு பெற்ற தர்மராஜ், மண்ணச்சநல்லூர்."

– அவ்வளவுதானா? தாள் பாதி ரொம்பிடுச்சே.

– என் கையெழுத்து பெருசு. எங்க அத்தாகூட இருபது வருஷம் பக்கத்துப் பெஞ்சுல நின்னவங்க நீங்க. உங்களை ஏமாத்துவேனா?

– எனக்கு எழுத்தை அடிக்கத்தான் தெரியும், எழுத வராது. கோர்ட்டு வாசல்ல மனு எழுதுறவன் பாதியை முழுங்கிடுவான். அதான் பாலக்கரைக்கு பஸ் ஏறினேன். உங்க அத்தா எங்க?

– காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க. வந்ததும் எழுதலாமா?

– வேணாம். வர்றதுக்குள்ள முடிச்சிடு. போன வாரம் பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு லேசர் மெஷினைக் காட்டினாங்க. பட்டனைத் தட்டினா குழல்ல நம்பர் விழுது. உளி இல்ல, சுத்தியல் இல்ல.

– இதையும் எழுதணுமா?

– இதை விடு. அந்த ரூம்ல ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ள பொளந்துபோன குழல். ஆபீசர் புதுப் பசங்களுக்குச் சொல்றாரு. எழுத்து மங்கலா விழுந்துச்சுன்னு ஒருத்தன் ரெண்டாவது தடவை அடிச்சானாம், குழலுக்கு உள்பக்கம் மேடு தட்டி, சோதனைக்குச் சுட்டப்ப வெடிச்சிடுச்சாம். இதான் அவன் தன் வேலைன்னு குத்தின முத்திரைன்னு காட்டுறாரு. வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி.

– அது அத்தாவோட முத்திரை.

– ஆமா. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

– எங்க அத்தாவைப் பார்த்தா சிரிச்சீங்க?

– எழுதும்மா. "அந்தக் குழலை அடித்தது ஜாவித் அல்ல. நான்."

– மாமா...

– பேனாவை வைக்காத. ஒரே அடிதான் அடிக்கணும். மங்கினா கழிவுல போடணும். அந்த மாசம் எனக்கு மூணு கழிவு ஆயிடுச்சு. நாலாவதும் போனா வீட்டுக்குப் போன்னுடுவான். ரெண்டாவது அடி அடிச்சுட்டேன். அடிச்ச கையோட, பக்கத்துப் பெஞ்சுல கிடந்த உங்க அத்தா முத்திரையை எடுத்துக் குத்திட்டேன்.

– அதுக்குத்தான் அத்தாவைப் பெஞ்சுலேருந்து எடுத்து லாரிக்குச் சுமை ஏத்த விட்டாங்க. ஒம்பது வருஷம். ஒம்பது ரம்ஜானுக்கும் எங்க வீட்டுல பிரியாணி சாப்பிட்டீங்க.

– சாப்பிட்டேன்.

– கை வேலை தெரியாத மனுஷன்னு அத்தாவை உம்மா சொல்லுவாங்க. கூடச் சேர்ந்து நானும் சொல்லியிருக்கேன்.

– எழுதி முடிச்சுட்டுத் திட்டு. "நாள் வெள்ளிக்கிழமை. மதியம் ஒன்றேகால். ஜாவித் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் அவர் உள்ளே இல்லவே இல்லை." இதை அழுத்தி எழுது. இதுதான் சாட்சி.

– எழுதிட்டேன். விசாரணையில அத்தா ஏன் இதைச் சொல்லல? நான் அங்க இல்லைன்னு ஒரு வார்த்தை போதுமே.

– மறந்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

– அத்தா! எப்ப வந்தீங்க?

– ஒன்றேகால்னு சொன்னப்பவே வந்துட்டேன். உட்காரு தர்மா, எந்திரிக்காத.

– ஜாவித்து, நான்...

– நீதான்னு அன்னைக்கே தெரியும். நான் துணியில சுத்தி வச்சுட்டுப் போன முத்திரை, திரும்பி வந்தா துணி இல்லாம கிடந்துச்சு.

– தெரிஞ்சுமா சுமை தூக்கின?

– சம்ரீன், வெள்ளிக்கிழமைன்னு எழுதின வரி எல்லாத்தையும் அடிச்சிடு.

– அதை அடிச்சுட்டா என் பேச்சை எவன் நம்புவான்?

– நம்ப வேணாம். கேட் பாஸ் இல்லாம தொழுகைக்கு விட்டது போர்மேன் வாய்வார்த்தை. நான் வெளிய போயிருந்தேன்னு சொல்லியிருந்தா அன்னைக்கோட எல்லாருக்கும் அதை நிறுத்தியிருப்பாங்க, பதினோரு பேர் இன்னைக்கும் அந்த வாய்வார்த்தையிலதான் தொழுகைக்குப் போயிட்டு வர்றாங்க.