பார்லிக் கஞ்சியும் பலாச்சுளையும்

பார்லிக் கஞ்சி எனக்கு நன்றாக வைக்க வரும். கட்டி தட்டாது, அடிப் பிடிக்காது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். எங்கள் லாட்ஜில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்ட பலாக்கொட்டை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் லாட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஊரில் அதைப் பேய் பங்களா என்கிறார்கள்.

பேயும் இல்லை, பூதமும் இல்லை. ஃப்ரீமேசன் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த ரகசியச் சங்கம், அதன் கூடம்தான் லாட்ஜ். அதில் நாங்கள் ஒரு பிரிவு, சிநேகத்துக்கென்றே ஏற்பட்டது. வேதாகமத்தில் இரண்டு நண்பர்கள் வருவார்கள். ஒருவன் அம்பு எய்து, ஒளிந்திருக்கும் மற்றவனுக்கு ஆபத்தைத் தெரிவிப்பான். அந்தக் கதையை வைத்துத்தான் சத்தியம் செய்வோம். சகோதரனுக்கு ஆபத்து என்றால் எச்சரிக்க வேண்டும். படுத்துவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பு பல வருஷமாக என்னுடையது. தாலுகா கச்சேரியில் ஹெட் கிளார்க் உத்தியோகம், பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. எனக்கு வேறு என்ன வேலை?

டிராயிங் மாஸ்டர் ஆத்மநாதனை லாட்ஜில் சேர்த்துவிட்டது நான். புதியவரைக் கண்ணைக் கட்டித்தான் உள்ளே கூட்டிப்போவோம். அவன் பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, விட்டுறாதீங்க" என்றான். என் கையை அதற்கு முன் யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

பிறகு கறம்பக்குடியிலிருந்து சோலையப்பன் வந்தார். பஸ் முதலாளி, சொந்தக் கார், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். கண்ணைக் கட்டிய அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தது ஆத்மநாதன். அன்றிலிருந்து அவன் நாற்காலி அவர் பக்கத்துக்குப் போய்விட்டது. இரு நண்பர்களின் கதையை வாசிக்கும்போது அவன் அவரைப் பார்ப்பான், அவர் அவனைப் பார்ப்பார். எனக்கு வயிறு எரியும். அதை மறைக்க என்ன இருக்கிறது?

போன வைகாசிக் கடைசியில் ஆத்மநாதனுக்கு டைபாய்டு கண்டது. லாட்ஜில் என்னைப் போகச் சொன்னார்கள். கச்சேரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டிலேயே தங்கினேன். குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று அவன் மனைவி அமராவதியிடம் எடுத்துச் சொல்லி, பிள்ளைகளோடு அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அழுதுகொண்டேதான் போனாள். சோலையப்பன் தினமும் சாயங்காலம் கார் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒரு எட்டு பாத்துட்டுப் போயிர்றேனே, பிரதர்."

"டாக்டர் யாரையும் விடக் கூடாதுன்னுட்டாருங்க" என்பேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சோலையப்பன் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை நான் வாங்கியதாகச் சொல்லிப் பிழிந்து கொடுத்தேன்.

"சோலையப்பன் வந்தாரா அண்ணே?"

"வரலியேப்பா. அவருக்கு ஆயிரம் சோலி."

நாலைந்து நாள் கேட்டான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தான். என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்கள்தான்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இனிமேத்தான் சூதானமா இருக்கணும். குடல் பூராப் புண்ணு. கெட்டியா எதுவும் உள்ள போச்சுன்னா ஓட்டை விழுந்துரும். கஞ்சி மட்டும்தான்" என்றார். நன்றாகவே புரிந்துகொண்டேன்.

அன்று ஆத்மநாதன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது. "அமராவதிய வரச்சொல்லி ஆளனுப்புங்க அண்ணே. நீங்களும் எத்தன நாளைக்குக் கெடந்து கஷ்டப்படுவீங்க. ஒடம்பு தேறுனதும் சோலையப்பன் கார்ல சித்தன்னவாசல் போகணும். அங்க இருக்குற சித்திரத்த அவருக்குக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்" என்றான்.

நான் ஆளனுப்பவில்லை. ஆலங்குடிப் பக்கத்துப் பலாப்பழம் ஒன்று வாங்கிவந்தேன். வாசனை பிடித்ததும் குழந்தை மாதிரி கேட்டான். கொட்டையை எடுத்துவிட்டு, நாரை உரித்து, தேனில் தோய்த்து ஊட்டினேன். முதல் நாள் ஒரே ஒரு சுளை. காய்ச்சல் திரும்பியது. அவன் கையும் என் கைக்குத் திரும்பியது. டாக்டருக்குக் காரணம் விளங்கவில்லை. மறுபடி காய்ச்சல் இறங்கியபோது கேட்கக் கேட்கக் கொடுத்தேன். அவன் சாக வேண்டும் என்றில்லை. எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் அவன் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. "சோலையப்பனுக்குச் சொல்லிவிடுங்க அண்ணே, கார்ல ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றான். கார் அப்போது வாசலில்தான் நின்றது. நான் வெளியே போய், "இப்பத்தான் கண்ணசந்தாரு. நாளைக்கு வாங்க" என்றேன். சோலையப்பன் சத்தம் வராமல் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு போனார். உள்ளே வந்து ஆத்மநாதனின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடியும் வரை விடவில்லை.

வீட்டைச் சுத்தமாகத்தான் கூட்டினேன். கட்டிலின் கால் மூலையில் ஒரு கொட்டை கிடந்து, அது அமராவதியின் விளக்குமாற்றில் அகப்பட்டது என் கவனக்குறைவு.

ஆகவே, சுளையைக் கொடுத்தது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்தே கொடுத்தேன். காரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் படுத்திருந்த நாளெல்லாம் டாக்டரைத் தவிர ஒருவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. கட்டின பெண்சாதிகூட இல்லை. நான் மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் அநாதையாகச் செத்திருப்பான்.