பாயில் கிடந்தவன்

நடுச்சாமம் தாண்டியிருந்தது. ஒரேத்தோ ஆற்றோர வீதி. ஒரு விளக்கும் எரியவில்லை... பழைய எலுமிச்சைக் கிட்டங்கி ஒன்றின் முன்னால் கிறிகோரி காரை நிறுத்தினார். வெள்ளைக்காரர் நாட்டுக்கு அகதியாய் வந்த நம்மூர்த் தமிழர்தான். தொண்ணூற்றிநாலாம் ஆண்டு.

பின் சீற்றில் அவருடைய தங்கை அற்புதமலர். கைகளைச் சீலையால் கட்டியிருந்தது. பக்கத்தில் அவள் புருசன் அகஸ்ரின், கன்னத்தில் பல்லடையாளம். பகலில் பிணம் மாதிரிக் கிடப்பாள். இருட்டினால் கடிப்பாள். டாக்குத்தர் குளிசை கொடுத்தார். சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தின நாள் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்துவிட்டாள்.

"ஊரிலை சிங்களவங்கடை ஆமி அடிக்குது. இஞ்சை அவங்களிட்டைப் பேயோட்ட வந்து நிக்கிறம்," என்றார் கிறிகோரி.

"பேய் பாஷை பார்க்காது மச்சான். இறங்கு," என்றான் அகஸ்ரின்.

உள்ளே இரண்டு சிங்களவர். பியசேன மாத்தறை ஆள், சோமபால பெந்தோட்டை ஆள். பகலில் லிபெர்த்தா வீதிப் பணக்காரரின் வீடுகளைத் துடைப்பவர்கள். ஈச்சோலையில் பந்தல், தீப்பந்தங்கள், குங்கிலியப் புகை, ஒரு சேவல். மேளத்தின் முதல் அடி எப்படி என்பதிலேயே இருவருக்கும் சண்டை. ஊருக்கு ஊர் முறை வேறு. கடைசியில் எல்லாம் பியசேனவின் முறை, சோமபாலவுக்கு மேளம் மட்டும் என்று முடிவானது.

பியசேனவுக்குக் குரு சொல்லிக்கொடுத்தபடி, நோயாளிக்குப் பதிலாக ஒரு மனுசன் பாயில் பிணமாய்க் கிடக்க வேண்டும். பேய் ஏமாந்து அவனிடம் போகும்.

"என்ரை மனிசி. நான்தான் கிடப்பன்," என்றான் அகஸ்ரின். அவனைப் பாயில் சுருட்டிக் கயிறு போட்டார்கள்.

மேளம் தொடங்கியது. மயிர் கருகுகிற நாற்றம்... மலரின் கட்டு படாரென்று அறுந்தது. பாய்ந்தாள். பியசேனவின் காது அவள் பல்லோடு வந்தது. துப்பினாள். அவன் தலையைப் பிடித்துச் சுவரில் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். சுவர் ஈரமானது.

பியசேன விழுந்து கிடந்தான். பேய் வந்தாயிற்று, அனுப்ப ஆளில்லை. சோமபால மேளத்தைப் போட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த பெந்தோட்டை முறையில் முடித்தான். சேவலின் கழுத்தை அறுத்தான். இரத்தத்தைப் பாயில் தெளித்தான். பந்தங்களை மிதித்து அணைத்தான்.

மலர் சரிந்தாள். கண் திறந்தாள்.

"அண்ணா... பசிக்குது."

கிறிகோரி குழந்தை மாதிரி அழுதார்.

பாயை அவிழ்த்தார்கள். அகஸ்ரின் எழும்பினான். ஒன்றும் கதைக்கவில்லை. பாயை அங்கே விடக்கூடாது என்று சோமபால அதைச் சுருட்டிக் கிறிகோரியின் காரின் டிக்கியில் திணித்தான். பிறகு பியசேனவைத் தங்கள் வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். கிறிகோரி மற்ற இருவரையும் சீசா என்ற பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டு வந்தார். மலர் சோறு தின்றாள், சிரித்தாள். அகஸ்ரின் பக்கத்தில் இருந்து அவளையே பார்த்தபடி...

விடியப்போகிற நேரம் போன் அடித்தது. சோமபால.

"பியசேனவுக்கு நினைவு வந்திட்டுது. பாயை அவிழ்க்க முந்தி, கிடந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களா என்று கேக்கிறான்."

"இல்லையே. நீ சொல்லேல்லையே?"

"எனக்குத் தெரியாது. எங்கட ஊரில பாயில கிடக்கிறது சேவல். சேவலை ஆர் திருப்பிக் கூப்பிடுவான்?" மூச்சு வாங்கினான். "மூன்று தரம் கூப்பிட வேணுமாம். அவர் பதில் சொன்னாத்தான் பாயை அவிழ்க்கலாமாம்."

கிறிகோரி போனை வைத்தார்.

"அகஸ்ரின்."

அவன் திரும்பவில்லை.

"அகஸ்ரின்!"

அவன் எழும்பினான். மலரின் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் வெட்கத்தோடு சிரித்தபடி அவன் பின்னால் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"டேய் அகஸ்ரின்!"

பல்கனிக் கதவு திறந்திருந்தது. கீழே வீதியில், காரின் பூட்டின டிக்கிக்குள் கிடந்த பாயிலிருந்து பதில் வந்தது... அமுங்கின குரல்.

"ஓம் மச்சான்... இஞ்சை கிடக்கிறன். மலரைத் தனிய விடாதை."

அறைக்குள் தாழ்ப்பாள் விழுந்தது.