பூண்டு உரிக்கிற நாள்

"சூப்பர்வைசர் திட்டினா அன்னிக்கி எங்க ஊட்ல பூண்டுக் குழம்புதான்."

பகல் ஷிப்ட் முடிந்து அம்பத்தூரில் ஆவடி வண்டி ஏறிய இரண்டு பெண்கள். சொன்னவள் மடியில் பையை வைத்துக்கொண்டு பூண்டு உரித்தாள். மூத்தவள் கடலைப் பொட்டலத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி சொல்ற?"

"மின்னாடியெல்லாம் அவன் திட்டினா ஸ்டேஷன்ல நின்னு பஜ்ஜி துன்னுவேன்க்கா. பசியே இருக்காது, ஆனாலும் துன்னுவேன். ஜாக்கெட் கையே ஏறல. கை சும்மா இருந்தாத்தானே வாய்க்குப் போவுதுன்னு பட்டாணி வாங்கி உரிச்சேன்."

"அப்பறம்?"

"உரிச்சதெல்லாம் வாய்க்கே பூடுச்சு. பூண்ட அப்டித் துன்ன முடியாதில்ல."

"இளைச்சியா?"

"பழைய ஜாக்கெட் ஏறிடுச்சுக்கா. ஊட்டுக்காரருதான் பாவம். குழம்பப் பாத்ததுமே, 'இன்னிக்கும் திட்டினானா'ன்னு கேக்கறாரு."

மூத்தவள் சிரித்தாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் மீதிக் கடலையை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் பூண்டு குடு. அவன் இன்னிக்கி என்னையுந்தான் திட்டினான்."