மாறாத நம்பரு

அந்த மஞ்ச வயரை மட்டும் புடுங்கிராதீங்க தம்பி. மத்தது எதை வேணாலும் தொடுங்க. உங்க இன்டர்நெட் டப்பாவை மாத்தணுமா, தாராளமா மாத்திக்கிடுங்க. நம்பரை மாத்தணுங்கீங்க பாத்தீங்களா, அங்கதான் எனக்கு ஒத்து வரல.

கம்பெனி உத்தரவுன்னு சொல்லிட்டீங்க, சரி. மம்சாபுரம் பூரா பொது நம்பர்ல ஓடும்போது உமக்கு மட்டும் என்னவேய் தனி நம்பருன்னு நீங்க கேக்கல, ஆனா மொகத்துல எழுதியிருக்குல்லா. மொத உக்காருங்க. அந்தச் சேர்ல வேணாம், ஒரு காலு ஆடும், இப்படிக் கட்டில்ல வாங்க. வீட்டுல அவ இல்ல, ஆண்டாள் கோயிலுக்குப் போயிருக்கா. நான் காப்பி போட்டா நீங்க வேலையை விட்டே ஓடிருவீங்க. மோர் இருக்கு, குடிங்க.

இந்தப் பொட்டி ரெண்டும் என்னன்னா கேட்டீங்க? பழைய இரும்புக்காரனுக்குப் போட வச்சிருக்க சாமான் மாதிரி தெரியுது, இல்ல? நானும் அதைத்தான் சொன்னேன். எம்மவன் பாண்டிதுரை கொண்டாந்தது. இந்தச் சின்னது வில்லிபுத்தூர்ல ரதவீதிக்குப் பின்னால ஒரு பிரவுசிங் சென்டர்ல கெடந்தது. செல்லுல எல்லாம் வந்த பொறவு அங்க எவன் போறான், கடையை மூடிட்டாவ. அந்தப் பெருசு ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லு ஆபீஸ்ல ஓடுனது. நான் எலெக்ட்ரீசியனா கெடந்த மில்லுதான். ரெண்டும் சேந்து ஒரு நல்ல செல்லு வெலை கூட வராது.

பெருசைத் தொறந்தா உள்ள பூரா பஞ்சு. தலகாணி தச்சிரலாம், அம்புட்டு. ஏலே, மில்லுல நான் தின்ன பஞ்சு பத்தாதா, வீட்டுக்கும் மூட்டை கட்டிட்டு வந்துட்டியான்னு சத்தம் போட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே பெயிண்டடிக்கிற பிரஷ்ஷை வச்சு தட்டித் தட்டி எடுத்தான். டிப்ளமா படிச்சிட்டு வேலை இல்லாம ரெண்டு வருஷம் கெடந்தான் தம்பி. கெடந்த நேரத்துல இதைப் பழகிக்கிடுதேம்பா, கம்ப்யூட்டரைக் காவக்காக்குற வேலைக்கு நல்ல கிராக்கின்னான். நான் எங்க நம்புனேன்?

நீங்க சொன்னதுதான், சின்னது ஃபயர்வாலு. கரெக்ட்டு. வெளிய இருந்து வாரதுக்கு ஒரு வயர், வீட்டுக்குள்ள போறதுக்கு ஒரு வயர், நடுவுல இது நிக்கும். வாரவன் போறவனை எல்லாம் யாருடா நீன்னு கேக்கும். பின்னால பெருசு, அது சர்வரு, போட்டோ, வீடியோ, அவன் பாடம் எல்லாம் அதுல. எங்க வீட்டுக்காரி சுந்தரம், சின்னதுக்கு துவாரபாலகர்னு பேரு வச்சா. ஆயுத பூசைக்கு சந்தனம் குங்குமம் வேற. குங்குமம் ஃபேனுக்குள்ள போயி அது கரகரன்னு கத்த, தாய்க்கும் மவனுக்கும் சண்டைன்னா சண்டை. சாமி கும்புட்டா கெட்டுப்போற மெஷினு வீட்டுக்கு எதுக்குடான்னு கேட்டா.

மாறாத நம்பர் ஒண்ணு வேணும்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வாங்குனதும் அவன்தான். வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரிப்பா, உலகத்துல எங்க இருந்தாலும் இந்த நம்பரைப் போட்டா நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கலாம்னான். போட்டுப் போட்டு அவனுக்கு அது மனப்பாடம்.

பொறவு ஒருத்தன் வந்தான். ஏஜெண்டு. வெளிநாட்டுல கம்ப்யூட்டர் வேலை, டைப் அடிச்சாப் போதும், ரூம்பு சாப்பாடு அவியளே குடுப்பாவன்னு. பக்கத்துல தேவதானத்துக்காரன், நம்ம பக்கத்து ஆளு பொய் சொல்லுவானான்னு நெனச்சோம். ஏரோப்பிளேன்ல எறங்கி, ராவோட ராவா ஒரு ஆத்தைத் தாண்டிக் கூட்டிப் போயிட்டானுவ. அது எந்த நாடுன்னே அவனுக்குத் தெரியாது. மதிலு, மதிலு மேல முள்ளுக்கம்பி, வாசல்ல துப்பாக்கியோட ஆளு. செல்லு, பாஸ்போர்ட்டு, லேப்டாப்பு எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டு, போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பேசி ஊரானை ஏமாத்துற வேலையில உக்கார வச்சிட்டானுவ. நியூஸ்ல பாத்திருப்பீங்க. நியூஸ்ல வந்தா அடுத்த வீட்டுக் கதை.

அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா? அதுக்குத்தான் வாரேன்.

போறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பழக்கி விட்டிருந்தான். காலையில தோட்டத்துக்குப் போனா ராத்திரி பன்னி வந்துச்சான்னு காலடி பாப்போம்லா, அது மாதிரி தெனமும் இந்தப் பெருசுல ராத்திரி எவன் எவன் வந்து தட்டுனான்னு பாக்கணும். தட்டுறவன் ஒரு பேரைச் சொல்லித் தட்டணும். பேரு சரியில்லைன்னா உள்ள விடாது. ஆனா இன்ன பேரைச் சொல்லி ஒருத்தன் வந்தான்னு எழுதி வச்சுக்கிடும். எங்கெங்க இருந்தோ தட்டுவானுவ தம்பி. ரூட்டுங்கான், அட்மினுங்கான், டெஸ்ட்டுங்கான். எம்புட்டு திருட்டுப்பய இருக்கான் உலகத்துலன்னு இதைப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சது. அவன் போயி பேச்சு மூச்சு இல்லாம இருந்தப்பவும் இதை விடாமப் பாத்தேன். வேற என்ன செய்ய? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு, ஏஜெண்டு வீட்டுக்குப் போனா பூட்டு.

ஒருநா ஒரு பேரு இருந்துச்சு. இங்கிலீசுல ஏ, பி, பி, ஏ. நான் என்ன நெனச்சேன், ஆப்பு, ஆப்புங்கானுவல்லா செல்லுல, அது மாதிரி எதோன்னு தள்ளிட்டேன். மறுநா டி யு ஆர் ஏ ஐ. துரை. அப்பந்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். நேத்து வந்தது ஆப்பு இல்ல, அப்பா. எம்புள்ள வந்து அப்பான்னு கூப்புட்டிருக்கான், பெத்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியல.

இல்ல, உள்ள வர முடியாது. அதுதானே கொடுமை. சாவி மாதிரி எதோ ஒண்ணு அவன் லேப்டாப்புலதான் இருந்துச்சு. பாஸ்வேர்டு மட்டும் தெரிஞ்சா எவனும் நொழைஞ்சிருவான்னு, அந்தச் சாவி இல்லாம யாரையும் விடாதபடிக்கு அவன்தான் கட்டி வச்சான். அவன் கட்டுன சுவரு அவனையே வெளிய நிறுத்திருச்சு. ஒரே நாள்ல மூணு தடவைக்கு மேல தப்பாத் தட்டுனா அந்தப் பக்கத்து ஆளையே அடியோட வெட்டிவிடும், அதுவும் அவன் எழுதி வச்சதுதான். அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வார்த்தை. அங்க ஒவ்வொருத்தன் முதுகுக்குப் பின்னாலயும் ஒருத்தன் நின்னு பாப்பானாம். இது ஒரு வரி, என்னன்னு எவனுக்கும் புரியாது.

அப்படித்தான் ஒரு கதையையே சொன்னான் தம்பி. ஏமாத்திட்டான்னு ஒருநா. ஆறுன்னு ஒருநா. மதிலு. துப்பாக்கி. அடி. ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு மறுநா வரைக்கும் நானும் அவளும் உக்காந்து அர்த்தம் பாப்போம். அடின்னு வந்த அன்னைக்கு அவ சாப்புடல. மறுநா சாப்டேன்னு வந்துச்சு, அதுக்குப் பொறவுதான் அவ கையை நனைச்சா. நான் பதில் பேச ஒரு வழியும் இல்ல. தெரிஞ்சவன் எவனாவது வழி சொல்லியிருப்பானோ என்னவோ, எங்கிட்ட அவன் பாக்கத்தான் சொல்லிக் குடுத்தான், பேசச் சொல்லிக் குடுக்கல.

பொறவு பொறவு எல்லாம் போயி ஒரே வார்த்தை ஆயிருச்சு. இருக்கேன். தெனமும் அதேதான். இருக்கேன்.

இந்தா, இதைப் பாருங்க. இது நேத்து. இது முந்தாநேத்து. இங்கிலீசுல எழுதியிருந்தாலும் வாயால சொல்லிப் பாத்தா நம்ம ஊரு இருக்கேன்தானே? இப்பச் சொல்லுங்க, இந்த நம்பரை மாத்துனா அது எந்த வாசல்ல போயித் தட்டும்? புது நம்பரை எழுதிப் போடலாமேங்கீங்க. எந்த அட்ரசுக்கு? நம்ம வீட்டு அட்ரசுதான் அங்க தெரியும், அங்க உள்ள அட்ரசு நமக்கு எங்க தெரியும்?

உங்க மேலதிகாரிகிட்ட நான் பேசட்டுமா? பேசுனாலும் நடக்காதா. ம். நீங்களும் பாவம், சொன்ன வேலையைச் செய்யுதீங்க. கூடுதலா எதுவும் கட்டணும்னாலும் கட்டிருதேன்னு சொல்லிப் பாக்கலாம்னு இருந்தேன். அப்படி ஒரு வழியே இல்லைங்கீங்க. சரி.

என்ன பாக்கீங்க? வார்த்தை பக்கத்துல போட்டிருக்க நேரத்தையா?

ஆமா தம்பி. கண்டுபுடிச்சிட்டீங்க. எல்லாம் ஒரே நிமிஷம், நொடி கூட மாறல. மனுசன் கை அப்படித் தட்டாது. மொத வந்த வார்த்தை எல்லாம் கண்ட நேரத்துக்கு வந்துச்சு, சந்து கெடைச்சப்ப தட்டியிருக்கான். இந்த இருக்கேன் மட்டும் சாயங்காலம், அவ வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அச்சு மாறாம வரும். மில்லுல டைமர் போட்டு மோட்டார் ஓட்டுனவன் நான், எனக்குத் தெரியாதா? தான் உக்காந்திருந்த கம்ப்யூட்டர்ல எதையோ எழுதி வச்சிருக்கான், அம்மா வெளக்கு வைக்கையில தானாத் தட்டுற மாதிரி. அந்தக் கம்ப்யூட்டரை எவனும் அணைக்காத வரைக்கும் அது தட்டும். அவன் அதுக்கு முன்னால உக்காந்திருக்கணும்னு இல்ல.

அவன் எப்ப வருவான்னா கேக்கீங்க?

அவன் வந்துட்டான் தம்பி. பங்குனியில வந்தான். மதுரைக்கு ஏரோப்பிளேன்ல, பெட்டியில.

மாரடைப்புன்னு எழுதி ஒட்டியிருந்தாவ. இருபத்தஞ்சு வயசுப் பயலுக்கு. தொறக்காம எரிச்சிருங்கன்னு சொல்லித்தான் குடுத்தாவ. பொம்பளையளை வீட்டுல விட்டுட்டு, சுடுகாட்டுல நான் மட்டும் தொறந்து பாத்தேன். மொகம் பாக்கக்கூடிய மாதிரி இல்ல. எடது மணிக்கட்டுல தழும்பு இருந்துச்சு. இந்தச் சின்னப் பொட்டியை நோண்டும்போது சால்டரிங் அயர்ன் பட்டு வெந்தது, நான்தான் மருந்து போட்டேன். மூடிட்டேன். எரிச்சிட்டு, குளிச்சிட்டு வீட்டுக்கு வாரேன், இவ இது முன்னால நின்னு கத்துதா. ஏங்க, புள்ள இருக்கேன்னு சொல்லுதாங்க, எவன் வீட்டுப் புள்ளையையோ எரிச்சிட்டு வந்திருக்கீங்களேன்னு. அன்னைக்கு வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லியிருக்கணும். தழும்பைப் பத்திச் சொல்ல மனசு வரல.

அதுல இருந்து தெனமும் வெளக்கு வச்சிட்டு இந்த முக்காலியில வந்து உக்காருவா. வார்த்தை வரும். திருநூறு பூசிக்கிட்டு எந்திரிச்சுப் போயி ஒல வப்பா. அவனுக்கும் சேத்துதான் அரிசி போடுதா. இன்னைக்கு நீங்க நம்பரை மாத்துனா, அவளுக்கு இன்னைக்குத்தான் புள்ள சாவான்.

அழாதீங்க தம்பி. உங்களை அழ வைக்கச் சொல்லல, நீங்க மாத்தாமப் போகப்போறதில்லைன்னு எனக்கும் தெரியும். நீங்க போனா நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அங்க எவனாவது ஒருநா சுவிட்சை அணைச்சாலும் இதே கதிதான். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. செத்த பொறுத்து... பாத்தீங்களா, வாயில வந்துருச்சு. கொஞ்ச நேரம்னு சொல்லணும். செத்தங்கிற வார்த்தையை அவ இந்த வீட்டுக்குள்ள பேச விடுறதில்ல.

அந்தா, பஸ் சத்தம் கேக்குது, அவ வந்துருவா. வயரிங் பாக்க வந்த புள்ளைன்னு சொல்லுதேன், நீங்க ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும். இன்னைக்கு உள்ளது வந்துரட்டும். அவ பாத்துட்டு அடுப்படிக்குப் போன பொறவு மாத்திக்கிடுங்க.